சகினா பார்த்த ப்ரூஃப்

"சார், செத்தது யாரு?"

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் கடைத் தொலைபேசியில் ஒரு பெண் குரல் இப்படிக் கேட்டது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் கிளிஃபர்ட் சார் நடத்தும் டிடிபி கடை அது; நான் அங்கே வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, சர்ச்சில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்கிற இடம் என்பதால் அவர் பதறவில்லை. ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

"அதை நீங்கதாம்மா சொல்லணும். பேரு, வயசு சொல்லுங்க. அடக்கம் எத்தனை மணிக்கு?"

"நான் வேலைக்கு விண்ணப்பம் போட வந்தேன் சார். உங்க வெப்சைட்டு, மறைந்தவருக்கு நான் என்ன உறவுன்னு கேக்குது."

கிளிஃபர்ட் சார் பேனாவை மூடினார். "கண்ணால நல்லா பார்த்துப் போடும்மா. எல்லாம் தெளிவா எழுதியிருக்கு" என்றார்.

"கண்ணு இருந்தா உங்களை ஏன் சார் கூப்பிடறேன்?"

பேசியவர் சகினா. வயது முப்பத்தொன்று. எங்கள் கடையிலிருந்து ஐந்து நிமிட நடையில், பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் வீடு. பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு படித்தவர். தமிழ், உருது, ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் தெரியும். மூன்றிலும் வாய் அதிகம் என்பது அவருடைய அம்மா அன்வரி பேகத்தின் கருத்து. திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று சகினாவின் லேப்டாப்பில் இருக்கிறது. சளி பிடித்த ஆண் குரல். சகினா அதை வாத்தியார் என்றுதான் சொல்வார். அதை அவர் ஓட விடும் வேகத்தில் நம் காதுக்குப் பட்டாணி பொரிகிற சத்தம் மட்டும் கேட்கும். "மெதுவா வெச்சா எனக்குத் தூக்கம் வருது" என்பார்.

அவர் போட நினைத்த வேலை அடையாறில் ஓர் அறக்கட்டளையில் இருந்தது. அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். அவர்கள் இன்னும் எங்கள் வாடிக்கையாளர்கள். புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் ஒலி நூலகம் ஒன்றை நடத்துகிறார்கள். அங்கே உதவியாளர் பணியிடம் ஒன்று, பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். பட்டப்படிப்பு போதும். வீட்டிலிருந்து ஒரே பஸ். வயது முப்பத்திரண்டுக்குள் இருக்க வேண்டும். சகினாவுக்கு அதற்கு நான்கு மாதம்தான் பாக்கி. விண்ணப்பம் இணையதளம் வழியாக மட்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அந்த இணையதளத்தைக் கட்டியவர் கிளிஃபர்ட் சார்.

வீட்டில் யாரையாவது விட்டுப் போடச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கதையைச் சொல்ல வேண்டும். அப்போது ஓர் எழுத்தர் தேர்வுக்கு சகினாவின் விண்ணப்பத்தைப் போட்டவர் அண்ணன் தௌஃபீக். தி.நகர் உஸ்மான் ரோட்டில் செல்போன் கவர் விற்கிறவர். பார்வையற்றவர்கள் தேர்வில் தாங்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். அப்படி ஆள் தேவையா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. தௌஃபீக் 'இல்லை' என்று போட்டுவிட்டார். இது தேர்வறைக்குள் போன பிறகுதான் சகினாவுக்குத் தெரிந்தது.

"ஏன் பாய் அப்படிப் போட்டே?"

"என் தங்கச்சிக்கு இன்னாத்துக்கு இன்னொருத்தன் ஒத்தாசை? நீ எம்மாம் பெரிய கில்லாடி!"

பாசம்தான். அந்தப் பாசத்தின் விளைவாக சகினா மூன்று மணி நேரம் கேள்வித்தாளை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் எழுந்து போகக் கூடாது என்பது விதி. "நல்ல கெட்டிப் பேப்பர். காத்து நல்லா வந்துச்சு" என்று இப்போது சொல்கிறார். அன்றோடு ஒரு முடிவு எடுத்தார்: தன் விண்ணப்பத்தில் இனி வேறு ஒருவர் விரல் படக்கூடாது.

சரி, வேலைக்கான பக்கத்துக்குள் அஞ்சலி எப்படி வந்தது?

டிடிபி கடையில் யாரும் வெற்றுப் பக்கத்தில் வேலையைத் தொடங்க மாட்டார்கள். முன்பு முடித்த ஒரு ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே பெயரையும் தேதியையும் மாற்றுவார்கள். வேகமாக முடியும், அளவும் பிசகாது. எப்போதாவது பழைய மாப்பிள்ளையும் புது மாப்பிள்ளையும் ஒரே பத்திரிகையில் அச்சாவார்கள். அது தொழில் தர்மத்தில் வரும் சின்னச் சேதம். கிளிஃபர்ட் சார் இணையதளங்களையும் இதே வழியில்தான் கட்டினார். அறக்கட்டளையின் விண்ணப்பப் பக்கத்துக்கு அவர் அடியில் போட்டது, கனடாவில் குடியேறிவிட்ட ஒரு சாந்தோம் குடும்பத்துக்காகச் செய்த நினைவஞ்சலிப் பக்கம்.

இணையப் பக்கத்தில் நாம் நிரப்பும் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் மறைவாக ஒரு பெயர் உண்டு. கண்ணுக்கு அது தெரியாது. படித்துக் காட்டும் மென்பொருள் அதைத்தான் படிக்கும். கிளிஃபர்ட் சார் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் மாற்றினார். 'கல்வித் தகுதி', 'முன் அனுபவம்' என்று அழகான எழுத்தில் வரைந்து, படமாகவே மேலே ஒட்டினார். பின்னால் இருந்த பெயர்கள் அப்படியே கிடந்தன. அதனால் கல்வித் தகுதிக்கு வந்தபோது வாத்தியார், "மறைந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?" என்றார். முன் அனுபவத்தில், "அவரைப் பற்றிய உங்கள் இனிய நினைவு" என்றார். கடைசிப் பொத்தான், "கண்ணீர்ப் பூக்களைச் செலுத்த." அதற்கு முன்னால், மனிதர்தான் நிரப்புகிறார் என்று உறுதி செய்ய, படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். பார்வையற்றவர்களுக்கு மட்டுமான வேலைக்கு.

அந்தப் பக்கத்தில் சகினாவுக்கு ஒழுங்காகக் கேட்டது ஒரே ஒரு வரி. அது அடியில் இருந்த எங்கள் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும்.

பகல் இரண்டு மணிக்கு அவர் கடைக்கே வந்துவிட்டார். வாசலில் நின்ற கிளிஃபர்ட் சாரின் ஸ்கூட்டரை வெள்ளைக் கோலால் இரண்டு தட்டுத் தட்டி, "இது பிளாட்ஃபாரமா, பார்க்கிங்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"உக்காரும்மா. காலைல கூப்பிட்டது நீதானா? காபி சொல்லட்டுமா?"

"காபி அப்புறம் சார். முதல்ல அஞ்சலி."

லேப்டாப்பைத் திறந்து, கிளிஃபர்ட் சாருக்காக வாத்தியாரின் வேகத்தைக் குறைத்தார். பக்கம் முழுவதையும் போட்டுக் காட்டினார். கண்ணீர்ப் பூக்கள் வந்தபோது கிளிஃபர்ட் சார், "மாதாவே" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எந்த வகுப்புக்கும் போகாமல் தானே கற்றுக்கொண்டு இருபத்தெட்டு வருடமாகத் தொழில் செய்கிறவர். இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளி ஒரு நூல் கூடினாலும் அவருக்குச் சோறு இறங்காது. வாடிக்கையாளர் யாராவது 'இந்தப் பூவைக் கொஞ்சம் தள்ளி வையுங்க' என்றால் அன்று முழுக்க யாருடனும் பேச மாட்டார்.

"இந்த டிசைனைப் பார்த்துட்டு அவங்க கமிட்டியே கை தட்டிச்சும்மா. மேல ஒரு குத்துவிளக்கு இருக்கே, அதை மட்டும் மூணு நாள் வரைஞ்சேன்."

"எனக்கு அது 'படம்'னு ஒரே வார்த்தை சார். மூணு நாள் வேலையை அரை செகண்டுல தாண்டிட்டேன்."

கிளிஃபர்ட் சார் அடிபட்ட முகத்துடன் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய மனது பண்ணி, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி, விடு. நானே ரெண்டு நிமிஷத்துல போட்டு விடறேன். பேரு சொல்லு."

"வேணாம் சார்."

"ஃப்ரீதாம்மா."

"எங்க அண்ணனும் ஃப்ரீயாத்தான் போட்டான். அவனும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னான்."

வேறு வழியில்லாமல் அறக்கட்டளையின் செயலாளர் வேதவல்லி மேடத்துக்குப் போன் போட்டார் கிளிஃபர்ட் சார். ஸ்பீக்கரில் போட்டது அவருடைய தவறு.

"கண் தெரியாதவான்னா ஆத்துல யாராவது கூட இருப்பாளோல்லியோ?" என்றார் வேதவல்லி மேடம். "அவா போட்டுக் குடுக்கட்டுமே. எல்லாரும் அப்படித்தானே பண்ணிண்டிருப்பா."

"வேலைக்கும் அவங்களையே அனுப்பிடட்டுமா மேடம்?" என்றார் சகினா.

"யாரது?"

"விண்ணப்பதாரர்."

"அடடா. தெய்வக் குழந்தைம்மா நீங்கள்லாம்."

"தெய்வக் குழந்தைக்கு முப்பத்தொண்ணு ஆச்சு மேடம். இன்னும் நாலு மாசத்துல உங்க வேலைக்குக் கிழவி ஆயிடுவேன்."

வேதவல்லி மேடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் வெள்ளிக்கிழமை ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான், தபாலிலோ நேரிலோ வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இரண்டே நாளில் எப்படி முடியும் என்று கிளிஃபர்ட் சார் முனகினார். அவரை அசைத்தது சகினா அடுத்துக் கேட்ட கேள்வி.

"கல்யாணப் பத்திரிகைய ப்ரூஃப் குடுக்காம அடிப்பீங்களா சார்?"

"உயிரே போனாலும் மாட்டேன்."

"இதுக்கு யார் ப்ரூஃப் பார்த்தது?"

அவர் என்னைக் கை காட்டினார். பார்த்தது உண்மை. கண்ணால் பார்த்தேன்.

"அப்ப பாதிதான் பார்த்திருக்கீங்க. மீதிய என்கிட்ட குடுங்க."

எங்கள் தொழிலில் ப்ரூஃப் என்பது சத்தியம் மாதிரி. முதல் பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுப்போம். அவர் பேனாவால் திருத்துவார். நாங்கள் மாற்றிக் கொடுப்போம். எல்லாம் சரி என்றதும் அடியில் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்துக்குப் பிறகு ப்ரூஃபில் ஒரு பிழை இருந்தால் அது அவர் பாடு. ப்ரூஃபில் காட்டாத இடத்தில் பிழை வந்தால் எங்கள் பாடு. இதில் கிளிஃபர்ட் சார் ஒருவரிடமும் இளகியதில்லை. தன் சொந்த மச்சினன் கல்யாணத்தில்கூட.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் ப்ரூஃப் கொடுத்தோம். பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த துக்க வீட்டை முழுக்கக் காலி செய்து, சரியான பெயர்களை வைத்திருந்தோம். சகினா முதலில் மேலே இருந்த பெரிய படத்தில் நின்றார்.

"இதுல எதாச்சும் எழுதியிருக்கா சார்?"

"சும்மா டிசைன்மா. லோகோ, குத்துவிளக்கு, பூ."

"சரி" என்று தாண்டினார்.

படத்து எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லும் இடத்தை எடுத்துவிட்டு, ஒரு கணக்கு வைக்கலாம் என்று முடிவானது. கிளிஃபர்ட் சார் பதினேழைப் பதிமூன்றால் பெருக்கச் சொல்லியிருந்தார். "சார், இது நூலக வேலையா, ராக்கெட் விடற வேலையா?" என்றார் சகினா. மூன்றும் நான்கும் எவ்வளவு என்று மாற்றினோம்.

இரண்டாம் ப்ரூஃபில் பிறந்த தேதி மாட்டிக்கொண்டது. தேதிக்கு ஒரு குட்டி நாட்காட்டி திறக்கும். மவுஸ் இல்லாதவர்கள் மாதம் மாதமாகத்தான் பின்னால் போக முடியும்.

"நான் பொறந்த மாசத்துக்குப் போறதுக்கு முன்னூத்தி எண்பது தடவ தட்டணும். அங்க போறதுக்குள்ள எனக்கு இன்னொரு பொறந்த நாள் வந்துடும்."

தேதியை நேரே தட்டச்சு செய்யும்படி மாற்றினோம்.

மூன்றாம் ப்ரூஃபில், வேண்டுமென்றே ஒரு பெட்டியை நிரப்பாமல் விட்டுப் பார்த்தார். 'சிவப்பில் உள்ளவற்றைச் சரிசெய்க' என்று வந்தது.

"சிவப்புன்னா எது சார்?"

"சிவப்புதாம்மா. பளிச்சுனு தெரியுமே..." என்று ஆரம்பித்த கிளிஃபர்ட் சார் பாதியில் வாயை மூடிக்கொண்டார். எந்தப் பெட்டி விடுபட்டதோ அதன் பெயரையே சொல்லும்படி எழுதினோம். நான்காம் ப்ரூஃபில் அந்தப் பெயரைச் சொன்னது, ஆனால் அந்தப் பெட்டிக்குக் கொண்டுபோய் விடவில்லை. ஐந்தாம் ப்ரூஃபில் கொண்டுபோய் விட்டது, இன்னொரு பெட்டிக்கு. கிளிஃபர்ட் சார் மதியச் சாப்பாட்டை மூன்றரைக்குச் சாப்பிட்டார். அவர் வாயில் மாதா பெயர் வந்த எண்ணிக்கைக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபமே முடிந்திருக்கும்.

ஆறாம் ப்ரூஃப் மாலை ஐந்தரைக்கு. வாத்தியார் மேலிருந்து கீழ்வரை ஒருமுறைகூடத் தடுக்காமல் ஓடினார். கடைசிப் பொத்தான், 'விண்ணப்பத்தை அனுப்பு' என்றது. அதை மட்டும் அமுக்கிப் பார்க்கவில்லை. அமுக்கினால் அடையாறுக்கு ஒரு போலி விண்ணப்பம் போய்ச் சேரும் என்று விட்டுவிட்டோம்.

கிளிஃபர்ட் சார், வாத்தியார் படித்த வரிகளை மட்டும் அச்செடுத்தார். கையெழுத்து இடத்துக்குக் கீழே ஸ்கேலை வைத்துப் பிடித்தார். சகினா ஸ்கேலின் விளிம்பைத் தடவிப் பார்த்து, அதன் மேலேயே பெயரை எழுதினார்.

"இங்கேயே போட்டுட்டுப் போயேம்மா" என்றேன்.

"நாளைக்கு வீட்ல, கட்டில்ல சாஞ்சுக்கினு, யாரும் பின்னால நின்னு எட்டிப் பாக்காம போடப் போறேன். அதுக்குத்தானே இவ்ளோ பாடு."

வெள்ளிக்கிழமை பகல் மூன்றரைக்கு வேதவல்லி மேடம் போன் செய்தார்.

"உங்க சைட்டுக்குப் பேய் பிடிச்சிருக்கா? ஒரே பொண்ணு பதினோரு விண்ணப்பம் அனுப்பியிருக்கா!"

நடந்தது இதுதான். சகினா பன்னிரண்டு மணிக்கு எல்லாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அமுக்கினார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. திரையில் தாமரைப் பூவுக்கு நடுவே 'நன்றி, விண்ணப்பம் கிடைத்தது' என்று வந்தது. தாமரையும் எழுத்தும் ஒரே படம். வாத்தியார் வாயே திறக்கவில்லை. போகவில்லை போலிருக்கிறது என்று சகினா மறுபடி போட்டார். தன்னிடம்தான் ஏதோ பிழை என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்றினார். ஒன்றில் வீட்டு எண்ணில் இருந்த சாய்கோட்டை எடுத்தார். ஒன்றில் பட்டத்தை ஆங்கிலத்தில் போட்டார். பதினோராவது விண்ணப்பத்தில், 'பிற விவரங்கள்' என்ற இடத்தில், 'இது போகுதா இல்லையா?' என்று எழுதியிருந்தார்.

கடைக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "போட்டா உங்க சார், நானே போட்டு விடறேன்னு ஆரம்பிப்பாரு" என்றார்.

வேதவல்லி மேடம் அதோடு நிறுத்தவில்லை. "ஏழாவது நிபந்தனையைப் பார்த்தேளா இல்லையா? ஒருத்தர் ஒண்ணுக்கு மேல அனுப்பினா எல்லாமே தள்ளுபடி. கொட்டை எழுத்துல போட்டிருக்கே!"

கிளிஃபர்ட் சார் பக்கத்தைத் திறந்தார். குத்துவிளக்குக்கும் பூவுக்கும் நடுவில், அவர் கையாலேயே வடிவமைத்து, சிவப்பில் அடிக்கோடிட்டு, ஒன்பது நிபந்தனைகள் இருந்தன. பெரிய படத்துக்குள். சும்மா டிசைன் என்று அவர் சொல்லியிருந்த படத்துக்குள். சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு விளக்குதான் ஞாபகம் இருந்தது.

பிறகு முந்தின நாள் கையெழுத்துத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ப்ரூஃப்ல காட்டாத இடம். நம்ம பாடு" என்றார். சகினாவுக்குப் போன் போட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்ததில் பாதி உருது. எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது, ஆனால் அவர் காது சிவந்துவிட்டது.

"நான் போய்ப் பேசிட்டு வரேம்மா."

"எனக்காக யாரும் போய்ப் பேச வேணாம். சந்து முனையில நிக்கறேன். வந்து ஏத்திக்குங்க."

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். ஆட்டோ அடையாறு பாலத்தில் பத்து நிமிடம் நின்றது. போய்ச் சேரும்போது நான்கு முப்பத்தைந்து.

வேதவல்லி மேடம் நல்லவர். நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். விதியை மட்டும் விடவில்லை. கிளிஃபர்ட் சார் கையெழுத்துத் தாளை மேஜையில் விரித்து, "இதுல அந்த நிபந்தனை இருக்கான்னு பாருங்க மேடம். இவங்க காதுல விழவே இல்ல. தப்பு என் கடையோடது. அந்தப் பொண்ணை ஏன் தள்ளறீங்க?" என்றார். அவர் ஒரு வாடிக்கையாளர் முன்னால் தப்பு என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"உங்க தப்பா இருக்கட்டும். கமிட்டில கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஒருத்தருக்கு விதியைத் தளர்த்தினா மத்தவா கேஸ் போட மாட்டாளா?"

சகினா மோர்த் தம்ளரைத் துழாவிக் கீழே வைத்தார். "மத்தவங்க எத்தனை பேர் மேடம்?"

"என்னது?"

"இந்த வேலைக்கு மொத்தம் எத்தனை விண்ணப்பம் வந்திருக்கு?"

வேதவல்லி மேடம் கணினியில் பார்த்தார். "பதினொண்ணு."

"அதுல என்னோடது எத்தனை?"

மேடம் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார்.

"பதினொண்ணு" என்றார் வேதவல்லி மேடம், மெதுவாக.

"மூணு வாரமா பேப்பர்ல விளம்பரம் வந்துச்சு. இந்த ஊர்ல கண்ணு தெரியாத பட்டதாரி நான் ஒருத்திதானா மேடம்? வேற யாருக்கும் வேலை வேணாமாமா? இல்ல, எல்லாரும் அஞ்சலி செலுத்திட்டுப் போயிட்டாங்களா?"

வேதவல்லி மேடம் எழுந்து உள்ளே போய்ப் போனில் பேசினார். நான்கு ஐம்பத்தெட்டுக்குத் திரும்பி வந்தார். கமிட்டித் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். கடைசித் தேதி பத்து நாள் தள்ளிப் போகிறது. பதினோரு விண்ணப்பமும் ரத்து. நிபந்தனைகளையும் நன்றியையும் படிக்கக்கூடிய எழுத்தில் போட வேண்டும். விளம்பரம் மறுபடி வரும். யார் வேண்டுமானாலும் புதிதாக விண்ணப்பிக்கலாம், சகினா உட்பட.

கிளிஃபர்ட் சார் வெளியே வந்து, "ஜெயிச்சுட்டேம்மா!" என்றார்.

"என்ன ஜெயிச்சேன்? என் ஒரு விண்ணப்பத்த எடுத்துக்கச் சொல்லத்தான் சார் நான் பேசினேன். அவங்க ஊருக்கே கதவத் தொறந்து விட்டுட்டாங்க."

சகினா சொன்னது நடந்தது. பத்து நாளில் நாற்பத்தேழு விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒன்றே ஒன்றுதான் அவருடையது.

நேர்காணலுக்குப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அறக்கட்டளை வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். சகினாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், பெயர் அறிவு. அவருக்கும் பார்வை கிடையாது, பேச்சு நிற்காது.

"நீங்களும் ஆன்லைன்லதான் போட்டீங்களா மேடம்? இன்னா ஃபார்ம் அது! வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கினு போச்சு. நான் ஒண்டியா, ஏழே நிமிஷத்துல முடிச்சேன். என் லைஃப்லயே ஃபர்ஸ்ட் டைம். யாரோ புண்ணியவான் செஞ்சிகிறான்."

"புண்ணியவதி."

"இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்க பேரக் கூப்பிடறாங்க, போங்க."

அறிவு நூலக அறிவியல் படித்தவர். நான்கு வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். வேலை அவருக்குப் போனது. சகினா இரண்டாமிடம். தகவல் மின்னஞ்சலில் வந்தது. நல்ல தெளிவான எழுத்து, ஒரு படம்கூட இல்லை, வாத்தியார் ஒரே மூச்சில் படித்துவிட்டார்.

மறுநாள் சகினா கடைக்கு வந்தார். கிளிஃபர்ட் சார் எழுந்து நின்றார். காபி சொன்னார்.

"நல்லா இறுக்கப் பூட்டியிருந்த கதவு சார். நானே ஆறு ப்ரூஃப் பார்த்து, திருகாணி திருகாணியாக் கழட்டி, நாப்பத்தாறு பேர உள்ள விட்டேன்."

"வருத்தமாம்மா?"

"வருத்தம் இல்ல. வயிறு எரியுது."

கிளிஃபர்ட் சார் முழு உண்மையோடு கேட்டார். "வேணும்னா பழைய பக்கத்தைத் திரும்ப ஏத்திடட்டுமா? அந்த ஃபைல் இன்னும் இருக்கு."

சகினா யோசித்தார். நாகரிகத்துக்கு யோசிப்பது வேறு. இது உண்மையான யோசனை. காபி வந்து ஆடை படியும்வரை யோசித்தார்.

"வேணாம் சார். ஆனா கேட்டீங்களே, அதுக்கு தேங்க்ஸ்."

பிறகு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப எழுந்தார். கிளிஃபர்ட் சார் மேஜை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"வடபழனில ஒரு கல்யாண மண்டபம். ஹால் புக் பண்ற பக்கம் செஞ்சிருக்கேன். திங்கக்கிழமை குடுக்கணும்."

"அதுக்கு?"

"இன்னும் பாதி ப்ரூஃப்தான் பார்த்திருக்கு."

"சும்மா பார்க்க மாட்டேன் சார்."

"சும்மா பார்க்கச் சொல்லி யார் கேட்டது? மச்சினனுக்கே நான் சும்மா அடிச்சதில்ல."

சகினா கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தார். பட்டாணி பொரிந்தது. முதல் பெட்டியைத் தாண்டுவதற்குள் கையை உயர்த்தினார்.

"சார், மண்டபம் எடுக்கறவங்க புதுநன்மை வாங்கியாச்சான்னு ஏன் கேக்குறீங்க?"